93,000 கைதிகளை அனுப்பிவிட்டோம், நம் ஆட்கள் எங்கே?

ஜனவரி 1, மாலை
வில்லிவாக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டது:
"வருடம் பிறந்தால் இந்தியாவும் பாகிஸ்தானும் சிறைக் கைதிகள் பட்டியலை மாற்றிக்கொள்கின்றன. ஜூலையில் மறுபடியும். 71 போரில் பிடிபட்ட நம் ஆட்கள் 54 பேர் இன்னும் வரவில்லை என்கிறார்கள். அன்றைக்கு பாகிஸ்தான்காரர்கள் 93,000 பேர் நம் கையில் இருந்தார்கள். ஆளுக்கு ஆள் என்று கேட்டிருந்தால்கூட 54 பேரும் வீடு வந்து சேர்ந்திருப்பார்கள். சிம்லாவில் எல்லோரையும் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டு இப்போது பட்டியல் எதற்கு? சிப்பாய் என்றால் அரசாங்கத்துக்கு அவ்வளவுதானா?"

ஜனவரி 1, இரவு
சிம்லாவில் யாரும் கைதிகளைத் தூக்கிக் கொடுக்கவில்லை. டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது 1971 டிசம்பர் 16. போருக்குப் பிறகு இரு நாடுகளும் செய்துகொண்ட சிம்லா ஒப்பந்தம் 1972 ஜூலை 2. கைதிகளை அனுப்ப வழி பிறந்தது 1973 ஆகஸ்ட் 28ல் கையெழுத்தான டெல்லி ஒப்பந்தத்தில். டாக்காவில் சரணடைந்த படையின் தலைவர் ஜெனரல் நியாஸி வாகா எல்லையைத் தாண்டிப் போனபோது 1974 ஏப்ரல் 30 ஆகிவிட்டது. இரண்டு வருடத்துக்கு மேல் அவர்களை வைத்துச் சோறு போட்டோம். அந்த 93,000லும் எல்லோரும் சிப்பாய்கள் இல்லை. பெண்கள், குழந்தைகள், அரசு ஊழியர்கள் என்று சிவிலியன்களும் இருந்தார்கள்.

மேற்கு முனையில் பிடிபட்டவர்கள் கணக்கு தனி. 1972 டிசம்பரிலேயே அவர்களை இரு தரப்பும் மாற்றிக்கொண்டாயிற்று. நம் பக்கம் 600க்கும் மேற்பட்டவர்கள் திரும்பினார்கள். நம் ஆட்களைக் கேட்க மறந்துவிட்டார்கள் என்பது சரியில்லை. கேட்டார்கள், பாகிஸ்தான் கொடுத்தவர்களை வாங்கிக்கொண்டார்கள், கொடுத்தது முழுக் கணக்கு என்று நம்பினார்கள். என் கோபம் அந்த நம்பிக்கைக்குப் பிறகு நடந்தவற்றின் மேல்தான். அதை நிதானமாக எழுதுகிறேன்.

ஜனவரி 2
"கைதியை வைத்துப் பேரம் பேசினால் என்ன தப்பு?" என்று அதே வாசகர் மறுபடியும் கேட்டிருக்கிறார்.

1949 ஜெனீவா உடன்படிக்கையின் 118வது பிரிவு தெளிவாகவே சொல்கிறது: சண்டை ஓய்ந்ததும் போர்க் கைதிகளைத் தாமதமில்லாமல் விடுவித்து ஊருக்கு அனுப்ப வேண்டும். சமாதானம் வரட்டும், எல்லை முடிவாகட்டும் என்ற நிபந்தனை எதுவும் அதில் கிடையாது. நாம் அந்த வரியை மீறித்தான் வைத்திருந்தோம். வங்கதேசமும் சேர்ந்த கூட்டுப் படையிடம் சரணடைந்தவர்கள், அதனால் வங்கதேசத்தைக் கேட்காமல் அனுப்ப முடியாது என்பது டெல்லி சொன்ன காரணம். அந்தக் காரணத்தில் நியாயம் இருந்தது. அதோடு, பாகிஸ்தான் வங்கதேசத்தை அங்கீகரிக்க வேண்டும் என்ற கணக்கும் இருந்தது.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் பேசவில்லை. அப்பா ராணுவத்தில் நாயக்காக இருந்தவர். 72, 73ல் மத்தியப் பிரதேசத்தில் ஒரு கைதி முகாமில் காவல் வேலை. பிற்பாடு பரங்கிமலையில் குடியிருந்தபோது ராத்திரி சாப்பாடு முடிந்து அந்தக் கதைகளைச் சொல்வார். கடிதம் வரும் நாள்தான் முகாமில் திருவிழாவாம். பஞ்சாப்காரர் ஒரு ஹவில்தார், அவருக்கு மட்டும் எதுவும் வராது. மற்றவர்கள் வாங்கிக்கொண்டு போன பிறகும் வரிசையை விட்டு நகர மாட்டார். அப்பா சாக்குப் பையைத் தலைகீழாகப் பிடித்து இரண்டு தடவை உதறிக் காட்ட வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் தலையை ஆட்டிவிட்டுத் தன் கொட்டகைக்குப் போவார். "அவனுக்கும் வீட்டில் எங்களை மாதிரி யாரோ இருந்திருப்பாங்க பாப்பா, ஆனா அட்ரஸ் தப்பாப் போயிருக்கும்" என்பார் அப்பா.

கிழக்கு வங்காளத்தில் அந்தப் படை செய்த அட்டூழியம் அப்பாவுக்குத் தெரியாதது இல்லை. தெரிந்துதான் சொன்னார். அந்த ஹவில்தாரை ஒரு சீட்டாக நினைத்து, இவனை வைத்து எதை வாங்கலாம் என்று கணக்குப் போட என்னால் முடியவில்லை.

ஜனவரி 2, இரவு
நான் அரசாங்கத்துக்கு வக்காலத்து வாங்குவதாக ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. கொஞ்சம் பொறுங்கள்.

ஜனவரி 4
சிம்லாவைவிட எனக்குக் கஷ்டமாக இருப்பது நம் கையில் இருந்த பாகிஸ்தான் கைதிகளில் 195 பேர் விஷயம். போர்க் குற்றத்துக்காக இவர்களை விசாரித்தே தீருவோம் என்று வங்கதேசம் சொன்னது. முஜிபுர் ரஹ்மான் தன் மக்களுக்குக் கொடுத்த வாக்கு அது. பதிலுக்கு பாகிஸ்தான் தன் மண்ணில் மாட்டிக்கொண்ட வங்காளிகளைப் பிடித்து வைத்துக்கொண்டது. அரசு ஊழியர்கள், ராணுவத்தினர், அவர்களுடைய குடும்பங்கள். 195 பேரை விசாரித்தால் எங்கள் கையில் இருப்பவர்களையும் விசாரிப்போம் என்று மிரட்டினார்கள். 1973 மே மாதம் பாகிஸ்தான் சர்வதேச நீதிமன்றத்துக்கும் போனது, டிசம்பரில் வழக்கைத் திரும்பப் பெற்றது.

1974 ஏப்ரல் 9ல் மூன்று நாடுகளும் கையெழுத்துப் போட்டன. 195 பேரும் விசாரணை இல்லாமல் வீட்டுக்குப் போனார்கள். வங்காளிகளும் தங்கள் ஊருக்குத் திரும்பினார்கள்.

முஜிப் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? கணவனைப் பறிகொடுத்து, கெடுக்கப்பட்டு உயிர் தப்பிய ஒரு பெண்ணிடம் "செய்தவனை விட்டுவிட்டேன், ஏனென்றால் கராச்சியில் இன்னொருத்தியின் கணவனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. உயிரோடு இருக்கும் ஆளை மீட்பதற்காகச் செத்தவர்களின் நியாயத்தை விட்டுக்கொடுத்தார்கள். நானும் அதையேதான் செய்திருப்பேன் என்று நினைக்கிறேன். செய்துவிட்டு ராத்திரி தூங்கியிருக்க மாட்டேன்.

உருது பேசிய பீகாரிகள் பாகிஸ்தானுக்குப் போக முடியாமல் வங்கதேசத்திலேயே தங்கிவிட்டதையும் சொல்ல வேண்டும். டாக்காவில் ஜெனீவா முகாம் என்றே ஓர் இடம் இருக்கிறது. அவர்களைக் குடிமக்கள் என்று டாக்கா உயர் நீதிமன்றம் சொன்னது 2008ல்தான்.

ஜனவரி 5
இப்போது அந்த 54.

மேஜர் அசோக் சூரி போரில் இறந்துவிட்டார் என்றுதான் குடும்பத்துக்குச் செய்தி வந்தது. 1974 கடைசியில் மேஜருடைய அப்பாவுக்கு ஒரு துண்டுச் சீட்டு. 1975ல் கராச்சியிலிருந்து கடிதம், இங்கே இன்னும் சில இந்திய அதிகாரிகள் இருக்கிறோம் என்று. கையெழுத்து மகனுடையதுதான் என்று உறுதியானதும் அரசு அவரை இறந்தவர் பட்டியலிலிருந்து எடுத்துக் காணாமல்போனவர் பட்டியலில் போட்டது.

தேதியைக் கவனியுங்கள். நியாஸி போய் மாதங்கள் ஆன பிறகுதான் அந்தச் சீட்டே வருகிறது. கொடுத்து வாங்க நம் கையில் அப்போது யாரும் இல்லை. 1979ல் நாடாளுமன்றத்தில் பெயர்ப் பட்டியல் வைத்தார்கள். 1983ல் உறவினர்கள் சிலர் முல்தான் சிறைக்குப் போய்ப் பார்த்தார்கள். 2007ல் 14 உறவினர்கள் பாகிஸ்தான் சிறைகளைச் சுற்றி வந்தார்கள். யாரும் கிடைக்கவில்லை. எங்களிடம் ஒருவரும் இல்லை என்பது பாகிஸ்தானின் மாறாத பதில். இந்த 54 பேரையும் சேர்த்து 83 ராணுவத்தினர் அங்கே இருப்பதாக நம்புகிறோம் என்று நம் அரசு 2019ல்கூட நாடாளுமன்றத்தில் சொன்னது.

இன்னொரு வழக்கு, 71 போருக்குச் சம்பந்தமில்லாதது. 1997ல் கட்ச் எல்லையில் ரோந்து போன ஒரு இளம் கேப்டன் திரும்பவில்லை. சில வருடம் கழித்து, இறந்ததாகக் கருதுகிறோம் என்று வீட்டுக்குக் கடிதம். 2010ல் இன்னொரு கடிதம், அவர் பெயர் காணாமல்போனவர்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டது என்று. அந்த அம்மா 80 வயதைத் தாண்டி 2021ல் உச்ச நீதிமன்றப் படியேறினார்.

என் கோபம் இங்கேதான். மீட்க முடியவில்லை என்பதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. செத்துவிட்டான் என்று ஒரு கடிதம், இல்லை இருக்கிறான் என்று ஒரு கடிதம். இரண்டுக்கும் ஆதாரமான கோப்பை அந்தத் தாய்க்கு ஏன் காட்டக் கூடாது? யார் எங்கே பார்த்தார்கள், பாகிஸ்தான் வானொலியில் பெயர் வந்ததா, யாரிடம் எப்போது கேட்டோம், என்ன பதில் வந்தது? இதைச் சொல்ல எந்த நாட்டோடும் பேரம் பேச வேண்டாம். நம் அலமாரியைத் திறந்தால் போதும்.

ஜனவரி 6
அமெரிக்காக்காரன் ஒருத்தனையும் விட்டுவிட்டு வரமாட்டான் என்று எழுதியிருக்கும் தம்பிக்கு: 1973ல் வியட்நாமிலிருந்து 591 பேர் திரும்பினார்கள். வராதவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்ற பேச்சு இருபது வருடம் ஓயவில்லை. கடைசியில் ஜான் கெர்ரி தலைமையில் செனட் குழு ஒன்று விசாரித்து, உயிரோடு யாரும் சிறையில் இருப்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை என்று 1993ல் சொன்னது. பல குடும்பங்கள் அதை ஏற்கவில்லை. ஆனாலும் மலைமலையாக ஆவணங்களைத் திறந்துவிட்டார்கள். நான் கேட்பதும் அதைத்தான்.

இஸ்ரேல் 2011ல் ஒரே சிப்பாய்க்காக 1,027 கைதிகளை விட்டது. அதைப் பாராட்டுகிறவர்கள் அந்த 1,027ல் யார் யார் இருந்தார்கள், வெளியே போய் என்ன செய்தார்கள் என்றும் படிக்க வேண்டும்.

ஜனவரி 9
கைதியை அனுப்பாமல் வைத்திருப்பது மட்டும்தான் பாவமா? போகமாட்டேன் என்று அழுகிறவனை அனுப்புவது?

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டனும் அமெரிக்காவும் சோவியத் குடிமக்களைக் கட்டாயமாகத் திருப்பி அனுப்பின. யால்டா மாநாட்டில் ஸ்டாலினோடு பேசிக்கொண்டபடி. தற்கொலை செய்துகொண்டவர்கள் உண்டு, போய் இறங்கியதும் தண்டனை முகாமுக்குப் போனவர்கள் உண்டு. கொரியப் போரில் அமெரிக்கா பிடிவாதம் பிடித்ததற்கு அந்த நினைவும் ஒரு காரணம். விருப்பமில்லாதவனை அனுப்பமாட்டோம் என்றார்கள். 118வது பிரிவோ எல்லோரையும் அனுப்பு என்கிறது. இந்த ஒரு விஷயத்திலேயே பேச்சுவார்த்தை ஒரு வருடத்துக்கு மேல் முட்டிக்கொண்டு நின்றது. அந்த ஒரு வருடமும் முனையில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். கைதியின் விருப்பத்தைக் காப்பாற்ற எத்தனை சிப்பாய்களைப் பலி கொடுக்கலாம்? இதற்கு விடை சொல்கிறவர் யாரையும் நான் இதுவரை பார்க்கவில்லை.

கடைசியில் அந்தச் சிக்கலை நம் தலையில் கட்டினார்கள். நடுநிலை நாடுகள் ஆணையத்துக்கு ஜெனரல் திம்மையா தலைவர். காவலுக்கு நம் படை, மேஜர் ஜெனரல் தோரட் தலைமையில். ஊருக்குப் போக மறுத்த 22,000க்கும் மேற்பட்டவர்களை வைத்துக்கொண்டு, "உன் ஊர்க்காரர் சொல்வதைக் கேள், பிறகு உன் இஷ்டம்" என்று ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டிய வேலை. முகாமுக்குள்ளே அடிதடி, கொலை, போக நினைத்தவனைப் போகவிடாத கும்பல். 90 நாள் கெடு முடிந்தபோது பெரும்பாலானவர்களிடம் கேட்டு முடிக்கவே இல்லை. திம்மையா 1954 ஜனவரியில் அவரவரைப் பிடித்த தரப்பிடமே ஒப்படைத்துவிட்டார். அவரைத் திட்டாத தரப்பு இல்லை.

வடக்கும் வேண்டாம் தெற்கும் வேண்டாம், சீனாவும் வேண்டாம் தைவானும் வேண்டாம், மூன்றாவது நாடு போதும் என்றவர்கள் கொஞ்சப் பேர். அவர்களில் 88 பேர் நம் படையோடு கப்பலில் வந்து இறங்கியது 1954 பிப்ரவரியில், நம் மெட்ராஸ் துறைமுகத்தில்! ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இது நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. இங்கிருந்து ரயிலில் டெல்லி. பிற்பாடு பலர் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போய்விட்டார்கள், சிலர் இந்தியாவிலேயே தங்கினார்கள். இன்று ஸ்ரீபெரும்புதூர் கார் தொழிற்சாலைக்காக வந்த கொரியர்கள் நகரமெங்கும் இருக்கிறார்கள். முதலில் வந்தவர்கள் நினைவாகத் துறைமுகத்தில் ஒரு பலகையாவது வைக்கலாம்.

ஜனவரி 10
அதே கொரியாவின் மறுபக்கம். தென் கொரியச் சிப்பாய்கள் பல்லாயிரம் பேரை வடக்கு அனுப்பவே இல்லை, சுரங்கத்தில் இறக்கிவிட்டது. 1951ல் பிடிபட்ட சோ சாங்-ஹோ என்ற லெப்டினன்ட் 1994ல் தப்பி வந்தார். அதுவரை சியோலில் இறந்த வீரர்களின் பெயர் வரிசையில் அவர் பெயரும் இருந்தது. அதன் பிறகு சுமார் 80 பேர் அப்படித் தாங்களாகவே தப்பி வந்தார்கள், முதியவர்களாக. ஓர் அரசு "இறந்தார்" என்று எழுதும்போது எவ்வளவு யோசிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஜனவரி 12
"ஊர் உலகமெல்லாம் பேசுகிறீர்கள், முள்ளிவாய்க்காலைப் பற்றி ஏன் பேசவில்லை?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பேச வேண்டும் என்றுதான் இருந்தேன். எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

வளசரவாக்கத்தில் எங்கள் பழைய வீட்டுக்கு எதிரே கிளிநொச்சிக்கார அக்கா ஒருவர் இருந்தார். 2009 மே மாதம் வட்டுவாகலில் தம்பியை ராணுவத்திடம் ஒப்படைத்தவர். பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள், அதோடு சரி. "பிடிச்சுக்கொண்டு போகேல்ல தங்கச்சி, நானே கையால குடுத்தனான்" என்பார். அவர் கைப்பையில் லேமினேட் செய்த போட்டோ. அதைப் பேருந்தில்கூட வெளியே எடுப்பார். கட்டை விரல் பிடிக்கும் இடத்தில் மட்டும் பிளாஸ்டிக் வெள்ளையாகத் தேய்ந்திருக்கும்.

அங்கே சுமார் 12,000 பேரைப் புனர்வாழ்வு கொடுத்து அனுப்பியதாக அரசு சொன்னது. வராதவர்களுக்காக 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் கந்தசாமி கோயில் முன்பு தாய்மார்கள் உட்கார்ந்தார்கள். காணாமல்போனோர் அலுவலகம் 2016 சட்டப்படி அமைந்தது. மரணச் சான்றிதழ் வேண்டாம் என்பவர்களுக்காக, ஆளைக் காணவில்லை என்று ஒரு சான்றிதழும் கொண்டுவந்தார்கள். 2020 ஜனவரியில் அப்போதைய இலங்கை அதிபர் கோத்தபய ராஜபக்ச, காணாமல்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று ஐ.நா. பிரதிநிதியிடம் சொன்னார். போர் முடிந்தபோது பாதுகாப்புச் செயலாளர் அவர். எங்கே, எப்படி, யார் கையில் என்று சொல்லவில்லை.

அக்கா அந்தச் செய்தியைப் பார்த்த அன்று என் வீட்டுக்கு வந்து, "செத்திட்டான் எண்டு அவைக்குத் தெரிஞ்சிருக்கெண்டால், எப்பிடித் தெரியும் எண்டும் சொல்லத்தானே வேணும்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

ஜனவரி 13
ஐந்தாம் தேதி, அலமாரியைத் திறந்தால் போதும் என்று எழுதினேன். அக்காவைப் பற்றி எழுதிய பிறகு அதை மறுபடி படித்தேன். சொன்னது சரிதான், ஆனால் அவ்வளவு சுலபமில்லை. கோப்பைத் திறந்தால் நம் உளவு ஆட்கள் யார் என்று தெரிந்துபோகலாம். உளவு வேலைக்குப் போய் மாட்டியவர்களைப் போர்க் கைதி என்று சொல்லவே முடியாது, நம் ஆள் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவனை நம் ஆள் என்று ஒரு அமைச்சர் சொன்னால் அங்கே தூக்கில் போட்டுவிடலாம். வாயைத் திறக்காமல் இருப்பதுதான் ஒருவேளை அவன் உயிரைக் காக்கிறது. இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் 1971ல் சீருடையோடு பிடிபட்டவருக்கு இந்த வாதம் பொருந்தாது. அரை நூற்றாண்டு தாண்டிய பிறகு யாருடைய ரகசியம்? குடும்பத்துக்கு மட்டும் காட்டலாம், ஒரு நீதிபதி முன்னிலையில் காட்டலாம். வழி இருக்கிறது.

சட்டத்தைப் பற்றி ஒருவர் கேட்டார். ஏழு வருடம் தகவல் இல்லையென்றால் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 108வது பிரிவு. புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. சொத்து, மறுமணம் போன்றவற்றுக்கு அது தேவைப்படும். மனைவிக்குத் தேவைப்படும் அந்தக் காகிதத்தைத் தாய் தொடக்கூட மறுத்த வீடுகள் உண்டு. அரசு எந்தப் பக்கம் நின்றாலும் அந்த வீட்டில் ஒருத்தி அழுவாள்.

ஜனவரி 18
பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டேன்.

ஆந்த்ராஸ் தோமா என்ற ஹங்கேரிச் சிப்பாயைப் பற்றி யாராவது படித்திருக்கிறீர்களா? இரண்டாம் உலகப் போரில் சோவியத் படையிடம் பிடிபட்டவர். ரஷ்யாவில் ஒரு மனநல மருத்துவமனையில் ஐம்பது வருடத்துக்கு மேல் இருந்தார். அவர் பேசியதை உளறல் என்று எழுதி வைத்திருந்தார்கள். பேசியது ஹங்கேரி மொழி, அங்கே யாருக்கும் தெரியாத மொழி. 2000ல்தான் ஊர் திரும்பினார். அவரைக் கெட்ட எண்ணத்தோடு யாரும் அடைத்து வைக்கவில்லை. போர்க் கைதிப் பட்டியலில் பெயர் இல்லை, அவ்வளவே.

நம் பக்கமும் ஒருவர் உண்டு. வாங் சி என்ற சீனச் சிப்பாய், 1963 ஜனவரியில் வழி தப்பி எல்லை தாண்டி வந்து மாட்டியவர். சில வருடம் சிறை, பிறகு மத்தியப் பிரதேசத்தில் திரோடி என்ற ஊரில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கேயே கல்யாணம், பிள்ளைகள். 2017ல்தான் சீனாவுக்குப் போய்ச் சொந்தங்களைப் பார்க்க முடிந்தது. அதற்குள் தாய் போய்விட்டார். பாகிஸ்தானைக் கேள்வி கேட்கும் நாம் இந்த ஒருவருக்காவது பதில் சொல்ல வேண்டும். ஒரு பயணச் சீட்டும் முத்திரையும் கொடுக்க இத்தனை வருடமா?

ஜனவரி 20
திருவொற்றியூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: தாத்தாவின் அண்ணன் மலாயாத் தோட்டத்தில் வேலை செய்தவர், இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் சயாம் (தாய்லாந்து) - பர்மா ரயில் போடக் கூட்டிப் போனான், திரும்பவில்லை. அவரும் போரில் விடுபட்டவர்தானே, எங்கே தேடுவது?

விடுபட்டவர்தான். ஆனால் காகிதத்தில் கைதி இல்லை, கூலி. வித்தியாசம் முழுக்க அதில்தான். அந்த ரயில் பாதையில் வேலை செய்த நேச நாட்டுப் போர்க் கைதிகள் 60,000க்கும் மேல். இறந்தவர்களைப் போர் முடிந்ததும் தேடி எடுத்தார்கள். தாய்லாந்தில் காஞ்சனபுரி போர்க் கல்லறையில் மட்டும் கிட்டத்தட்ட 7,000 பேர், பெரும்பாலானவர்களுக்குப் பெயரோடு கல். தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர் என்று ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைவிடப் பல மடங்கு, செத்ததும் பல மடங்கு. அவர்களைத் தேடி எந்த அரசும் போகவில்லை. 2023ல் காஞ்சனபுரியில் ஒரு புத்த கோயில் வளாகத்தில் தமிழர்களுக்காக நடுகல் வைத்தார்கள்.

நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில் தேட வேண்டாம், அங்கே தொழிலாளர் பெயர் இருக்காது. தோட்டத்தின் பெயர் தெரிந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. பழைய கடித உறை, மணியார்டர் ரசீது, கங்காணி பெயர் எழுதிய நோட்டு எது இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். உறையின் பின்பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுத்து இங்கே போடுங்கள். தபால் முத்திரையில் ஊர் பெயர் பாதியாவது தெரியும். மலேசியாவிலிருந்து இதைப் படிப்பவர்கள் இருக்கிறார்கள், தோட்டத்தை அடையாளம் காண அவர்களால் முடியும். தாத்தாவின் அண்ணன் பெயரையும், அவருடைய அப்பா பெயரையும், கிளம்பிய கிராமத்தையும் எழுதுங்கள்.